கடல் கடந்த குரலும் அதன் கூலியும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக அமைந்த நிலப்பகுதியை எழுவான்கரை என்றும், மேற்கே வயல்களும் குளங்களும் பரந்து கிடக்கும் பகுதியைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுகின்ற கரை ஒன்று. படுகின்ற கரை மற்றொன்று. படுவான்கரையில் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தாலும் அதன் தேரோட்டத்தாலும் பெயர் பெற்ற ஊர் கொக்கட்டிச்சோலை. அது நெல் விளையும் ஊர். ஆயினும் வயலின் வருவாய் எல்லாக் குடும்பங்களுக்கும் போதுவதில்லை. எனவே அவ்வூரிலிருந்தும் அயற்கிராமங்களிலிருந்தும் ஆடவரும் பெண்டிரும் கட்டார், சவூதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு இராச்சியம் முதலிய நாடுகளுக்குத் தொழில் நாடிச் செல்கின்றனர். போர்க்காலத்தில் சுவிற்சர்லாந்து, பிரித்தானியா, கனடா ஆகிய நாடுகளுக்குப் பெயர்ந்து அங்கேயே குடியமர்ந்தோரும் பலர்.

இவ்வாறு பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு நாள்தோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு. ஊரிலுள்ளோருடன் பேச வேண்டும். ஆனால் பேச்சுக்கே சம்பளத்தின் ஒரு பங்கு கரைந்துவிடக் கூடாது. இதற்கு வழி யாது? கையடக்கத் தொலைபேசி கையில் இருந்தும், அதன் கட்டணம் எவ்வாறு ஏறுகிறது, எவ்வாறு இறங்குகிறது என்பதை அறியாமையால் வீண்செலவுக்கு உள்ளாவோர் இன்றும் உளர். அழைப்பின் கட்டணம் எதனால் உண்டாகிறது என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்டால், குறைந்த செலவில் பேசும் வழி தானாகவே புலப்படும்.

முன்னாளில் நிலைமை வேறாக இருந்தது. மத்திய கிழக்கிற்குச் சென்றவர் கடிதம் எழுதினார். எழுத இயலாதவர் ஒலிநாடாவில் தம் குரலைப் பதிந்து, ஊர் திரும்பும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். பின்னர் நகரங்களில் ‘கொமியூனிகேஷன்’ என மக்கள் வழங்கிய தொலைபேசிக் கடைகள் தோன்றின. வெளிநாட்டு அழைப்புக்கு அங்கே நிமிடக் கணக்கில் பணம் செலுத்த வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தாயும் மகளும் பேசினர். சொல்ல வேண்டியவற்றுட் பாதி சொல்லப்படாமலே அழைப்பு முடிந்தது. போர் நிகழ்ந்த காலத்தில் படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரமும் தொலைபேசியும் எட்டவில்லை. அக்கிராமத்தவர் வாவியைக் கடந்து மறுகரை சேர்ந்தே இத்தகைய வசதிகளைப் பெற முடிந்தது. மண்முனைத் துறையில் ஓடத்துக்குக் காத்திருந்த காலம் 2014ஆம் ஆண்டில் அங்கே பாலம் திறக்கப்பட்டதோடு முடிவுற்றது.

இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. தெற்காசியாவில் இச்சேவையை முதலில் கண்ட நாடு இலங்கையே. எனினும் வெளிநாட்டு அழைப்புகளை ஏற்கவும் அனுப்பவும் இலங்கை ரெலிகொம் நிறுவனத்துக்கு இருந்த தனியுரிமை 2002ஆம் ஆண்டு வரை நீடித்தது. அதன்பின் வேறு நிறுவனங்களுக்கும் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டமையால் போட்டி உண்டாகி, கட்டணம் வெகுவாகக் குறைந்தது. இவ்வரலாற்றில் ஒரு செய்தி மறைந்து கிடக்கிறது. கொழும்புக்கும் தோஹாவுக்கும் இடையேயுள்ள தூரம் 2002ஆம் ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஒன்றே. தூரம் குறையாதிருக்கக் கட்டணம் குறைந்தது எங்ஙனம்?

விடை இதுதான்: அழைப்பின் விலை தூரத்தின் விலை அன்று, வாயில்களின் விலை. ஓடத்துறையை எடுத்துக்கொள்ளலாம். துறை ஒன்றே இருந்து, அதில் ஆயம் வாங்குபவரும் ஒருவரேயாயின், அவர் கேட்டதே கூலி. துறைகள் பலவாயின் கூலி இறங்கும். பாலம் அமைந்துவிட்டால் ஓடக்கூலி என்ற பேச்சுக்கே இடமில்லை. தொலைபேசி அழைப்பும் அப்படியே. குரல் கடலடி வடங்களின் வழியே ஒளி வடிவில் இமைப்பொழுதிற் செல்கிறது. 2005ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய தென்கிழக்காசிய-மத்தியகிழக்கு-மேற்கைரோப்பிய நான்காம் வடம் கொழும்பிலும், 2016ஆம் ஆண்டில் நிறைவெய்திய ஐந்தாம் வடம் மாத்தறையிலும் கரை சேர்கின்றன. ஒரு வடத்தின் வழியே ஒரே வேளையில் செல்லக்கூடிய உரையாடல்கள் எண்ணிறந்தன. ஆதலின் ஓர் உரையாடலுக்கு உண்டாகும் உண்மைச் செலவு மிகமிகச் சிறியது. கட்டணம் உயர்வது அவ்வழியில் நிற்கும் வாயில்களில் ஒவ்வொருவரும் வாங்கும் ஆயத்தினாலேயே.

அவ்வாயில்களுள் முதன்மையானது அழைப்பு வந்து சேரும் நாட்டின் வாயில். குவைத்திலிருந்து ஒருவர் கொக்கட்டிச்சோலைக்கு அழைத்தால், அவ்வழைப்பைத் தொடங்கிய குவைத் நிறுவனம், அதனை ஏற்று வீட்டுத் தொலைபேசியிற் சேர்ப்பிக்கும் இலங்கை நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் ஒரு தொகை செலுத்த வேண்டும். இது உலகெங்கும் நிலவும் வழக்கம். இத்தொகை வளர்முக நாடுகளுக்கு அந்நியச் செலாவணியைத் தரும் ஊற்றாக இருந்தது. 1997ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு, தன் நாட்டு நிறுவனங்கள் பிறநாடுகளுக்குச் செலுத்தும் இத்தொகைக்கு உச்சவரம்பு வகுத்தது. அதன்பின் உலக அளவில் அத்தொகை இறங்கலாயிற்று. இலங்கையிலோ, 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம், வெளிநாட்டு அழைப்புகளைக் கையாளும் நிறுவனங்கள்மீது ஒரு தீர்வையை விதித்தது. இந்தியாவில் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, வெளிநாட்டு அழைப்பைச் சேர்ப்பிக்கும் கூலியை 2018ஆம் ஆண்டில் நிமிடத்துக்கு 53 பைசாவிலிருந்து 30 பைசாவாகக் குறைத்தது. ஒரே அறையில் தங்கியிருக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கும் மட்டக்களப்புத் தொழிலாளிக்கும் ஊருக்குப் பேசும் கட்டணம் வேறுபடலாம். அது தூரத்தைப் பற்றியதன்று. சேருமிடத்து வாயிலைப் பற்றியது.

இனி, ஊரிலிருந்து கொண்டுசென்ற சிம் அட்டையையே வெளிநாட்டிலும் பயன்படுத்தும் முறையை நோக்கலாம். இதனை ‘ரோமிங்’ என்பர். இரு நாட்டு நிறுவனங்களுக்கிடையே இதற்கான முதல் உடன்பாடு 1992ஆம் ஆண்டில் பின்லாந்தின் நிறுவனம் ஒன்றுக்கும் பிரித்தானியாவின் நிறுவனம் ஒன்றுக்கும் இடையே செய்யப்பட்டது. பயணி விமானத்தை விட்டு இறங்கித் தொலைபேசியை இயக்கியவுடன், அந்நாட்டு வலையமைப்பு சிம் அட்டையிலுள்ள அடையாளத்தைப் படித்து, “இவர் உங்கள் வாடிக்கையாளர்தாமா? இவருக்குச் சேவை வழங்கலாமா?” என்று இலங்கை நிறுவனத்தைக் கேட்கிறது. இலங்கை நிறுவனம் இசைவு தெரிவித்து, தன் வாடிக்கையாளர் இப்போது எந்நாட்டில் இருக்கிறார் என்பதைத் தன் பதிவேட்டிற் குறித்துக்கொள்கிறது. இவையெல்லாம் சில நொடிகளில் நடந்தேறும்.

வசதி பெரிதுதான், ஆனால் வாயில்களும் பல. வெளிநாட்டில் நின்று ஊருக்கு அழைத்தால், அந்நாட்டு நிறுவனம் தன் கூலியை இலங்கை நிறுவனத்திடம் கேட்கும். இலங்கை நிறுவனம் தன் பங்கையும் சேர்த்து வாடிக்கையாளரிடம் வாங்கும். அதனினும் வியப்பானது வரும் அழைப்பின் கதை. கொக்கட்டிச்சோலையிலிருந்து தாய் தன் மகனின் வழக்கமான இலக்கத்தை அழைக்கிறார். மகன் அபுதாபியில் இருப்பது அவருக்குப் பொருட்டன்று. உள்ளூர் அழைப்புக்குரிய கட்டணமே அவரிடம் அறவிடப்படும். அழைப்பு முதலில் இலங்கை நிறுவனத்தை அடைந்து, அங்கிருந்து கடல் கடந்து செல்கிறது. அக்கடல் கடந்த பகுதிக்குரிய கட்டணம் அழைப்பை ஏற்ற மகனின் கணக்கில் ஏறுகிறது. ஊரில் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று பழகியவர், அதே நம்பிக்கையில் வெளிநாட்டில் அரைமணி நேரம் பேசிவிட்டு, மீதிப்பணம் முழுதும் மறைந்தது கண்டு திகைப்பது இதனாலேயே.

இன்னும் ஒரு பொறி உண்டு. அழைப்பை ஏற்காவிட்டால் அது குரல் அஞ்சல் பெட்டிக்குச் செல்லுமாறு சில தொலைபேசிகள் அமைக்கப்பட்டிருக்கும். அவ்வாறாயின், அழைப்பு இலங்கையிலிருந்து வெளிநாட்டுக்குச் சென்று, அங்கே எவரும் எடாமையால், இலங்கையிலுள்ள அஞ்சல் பெட்டிக்கே திரும்பி வரும். போனதற்கும் கட்டணம், வந்ததற்கும் கட்டணம். பேசியதோ எவரும் இல்லை. ஆதலின் பயணம் புறப்படுமுன் இவ்வமைப்பை நீக்கிவிடுதல் நன்று. அவ்வாறே ‘டேட்டா ரோமிங்’ என்னும் பொத்தானையும் அணைத்துவிட வேண்டும். அணைக்காவிடில், உரிமையாளர் ஒன்றுமே செய்யாத வேளையிலும் தொலைபேசி தானாகச் செய்தி வாங்கவும் செயலிகளைப் புதுப்பிக்கவும் இணையத்தை நாடிக் கட்டணத்தைப் பெருக்கும்.

அரசுகள் முன்வந்தால் இவ்வாயில்களின் கூலி குறையும் என்பதற்கு ஐரோப்பா சான்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளுக்குள் பயணம் செய்வோர், தம் நாட்டிற் பேசும் அதே கட்டணத்திற் பேசலாம் என்னும் விதி 2017 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. 2022ஆம் ஆண்டில் அது மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆனால் சுவிற்சர்லாந்து அவ்வொன்றியத்தில் உறுப்பு நாடன்று. சுவிஸ் நிறுவனங்களை அவ்விதி கட்டுப்படுத்தாது. பிரித்தானியாவும் ஒன்றியத்தை விட்டு விலகியபின், அந்நாட்டு நிறுவனங்கள் சில ரோமிங் கட்டணத்தை மீண்டும் விதித்தன. சூரிச்சில் வாழும் ஒருவர் பாரிசிலுள்ள உறவினரைப் பார்க்கச் செல்லும்போதும், இலண்டனில் வாழ்பவர் ஜேர்மனிக்குத் திருமணத்துக்குச் செல்லும்போதும், தம் நிறுவனத்தின் விதியைக் கேட்டறிந்து செல்ல வேண்டும் என்பதே இதன் கருத்து.

நெடுநாள் தங்கச் செல்வோருக்கு ஏற்ற வழி, சென்றடைந்த நாட்டின் சிம் அட்டையை வாங்குதலாம். இதனால் ரோமிங் என்னும் இரட்டை வாயில் நீங்குகிறது. தெற்காசியத் தொழிலாளர் மிகுந்த நாடுகளில், குறிப்பிட்ட நாடுகளுக்குக் குறைந்த கட்டணத்திற் பேசும் திட்டங்களையும் நிறுவனங்கள் விற்கின்றன. இலங்கைக்கெனத் தனித் திட்டம் உண்டா என்று கடையிற் கேட்டு வாங்குதல் வேண்டும். கடவுச்சீட்டையோ வதிவிட அடையாள அட்டையையோ காட்டித் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளுதல் இன்றியமையாதது. பிறர் பெயரிலுள்ள அட்டையைப் பயன்படுத்தினால், அவ்விலக்கத்தின் வழியே முன்னர் நடந்த குற்றத்துக்கும் விடை சொல்ல நேரலாம். புதிய தொலைபேசிகள் சிலவற்றில், அட்டையின்றியே நிறுவனத்தின் அடையாளத்தை இணையத்தின் வழி இறக்கிக்கொள்ளும் ‘ஈ-சிம்’ என்னும் வசதியும் உண்டு. சின்னாட் பயணிகள் ஊரிலிருந்தே அதனை வாங்கிக்கொண்டு செல்லலாம். பழைய அட்டையைக் கழற்ற வேண்டியதில்லை.

ஊர் இலக்கங்களைப் பதிந்துவைக்கும் முறையும் அறியத்தக்கது. இலங்கையின் நாட்டு இலக்கம் 94. கையடக்க இலக்கத்தின் தொடக்கத்திலுள்ள பூச்சியத்தை நீக்கிவிட்டு, கூட்டற் குறியையும் 94ஐயும் முன்னே சேர்த்தல் வேண்டும். 077 என்று தொடங்கும் இலக்கம் கூட்டற் குறி 94 77 என்றாகும். மட்டக்களப்பின் 065 என்னும் நிலையான தொலைபேசி இலக்கம் கூட்டற் குறி 94 65 என்றாகும். வெளிநாட்டு அழைப்புக்குப் பல நாடுகளில் இரு பூச்சியங்களையும், கனடாவில் 011 என்பதையும் முன்னே அழுத்த வேண்டும்; கூட்டற் குறியிட்டுப் பதிந்தால் எந்நாட்டிலும் அதுவே போதும்.

மலிவு கருதி வாங்கப்படும் வெளிநாட்டு அழைப்பு அட்டைகளைப் பற்றியும் ஒரு சொல். இவற்றுட் சில நேர்மையானவை, சில அவ்வாறல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்பு, ஊரிலுள்ள தொலைபேசியில் உள்ளூர் இலக்கம் ஒன்றிலிருந்து வருவதுபோலத் தோன்றுவதுண்டு. அழைப்பை இணையத்தின் வழியே கொண்டுவந்து, நூற்றுக்கணக்கான சிம் அட்டைகளைச் செருகிய ஒரு பெட்டியின் ஊடாக உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் தந்திரம் அது. நாட்டுக்குச் சேர வேண்டிய தீர்வையை ஏமாற்றும் இம்முறை சட்டவிரோதமானது. அன்றியும் குரல் தெளிவின்றியும் இடையில் அறுபட்டும் போவதால் வாங்கியவருக்கும் நட்டமே.

இக்காலத்தில் பெரும்பாலோர் நாடும் வழி இணையத்தின் மூலம் பேசுதலாம். வட்ஸ்அப் என்னும் செயலியில் குரலழைப்பு 2015ஆம் ஆண்டிலும், முகம் பார்த்துப் பேசும் வசதி 2016ஆம் ஆண்டிலும் வந்தன. வைபர், இமோ முதலியனவும் இவ்வகையினவே. இச்செயலிகள் குரலைச் சிறுசிறு பொதிகளாகப் பிரித்து, கடிதங்களும் படங்களும் செல்லும் அதே இணைய வழியில் அனுப்பி, மறுமுனையில் மீண்டும் கோத்துவிடுகின்றன. சேருமிடத்துத் தொலைபேசி நிறுவனத்துக்கு நிமிடக் கூலி கொடுக்கும் வாயில் இங்கே இல்லை. ஓடத்தை விடுத்துப் பாலத்தால் நடப்பது போன்றது இது. செலுத்த வேண்டியது இணைய டேட்டாவின் விலை மட்டுமே.

அவ்விலை எத்துணை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். குரலழைப்புக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை மெகாபைட் செலவாகும் என்று கொண்டால், ஒரு ஜிகாபைட்டில் 2000 நிமிடம், அதாவது 33 மணி நேரத்துக்கு மேல் பேசலாம். நாளொன்றுக்கு 20 நிமிடம் பேசுவோருக்கு அது 100 நாட்களுக்குப் போதும். முகம் பார்த்துப் பேசுவதாயின் நிமிடத்துக்கு 5 மெகாபைட் என்று கொள்வோம். அதே ஒரு ஜிகாபைட் 200 நிமிடங்களில், நாளுக்கு 20 நிமிடமாகப் பத்தே நாட்களில் தீர்ந்துவிடும். தொலைபேசியின் தன்மைக்கும் படத்தின் தெளிவுக்கும் ஏற்ப இத்தொகை கூடலாம், குறையலாம். ஆனால் குரலைவிடப் படம் பன்மடங்கு செலவு மிக்கது என்பதில் ஐயமில்லை. தான்தோன்றீஸ்வரர் தேரை வெளிநாட்டிலிருக்கும் மகள் நேரிற் காணுமாறு தொலைபேசியைத் தூக்கிப் பிடிப்பதற்குப் படம் வேண்டும். நெல் விற்ற விலையையும் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றையும் சொல்வதற்குக் குரல் போதும்.

இவ்வழியில் ஒன்றை மறத்தலாகாது. பாலத்துக்கு இரு கரையிலும் தளம் வேண்டும். வெளிநாட்டிலுள்ளவரிடம் வைஃபை இருந்தாலும், ஊரிலுள்ள தொலைபேசியில் டேட்டா தீர்ந்திருந்தால் அழைப்பு சேராது. ஆதலால் ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பகுதியை, மாதந்தோறும் வீட்டுத் தொலைபேசிக்கு ரீலோட் செய்வதற்கென ஒதுக்குதல் சிக்கனமே. வெளிநாட்டிலிருந்தபடியே ஊர் இலக்கத்துக்கு ரீலோட் செய்யும் வசதியும் உண்டு. வீட்டில் முதியவர் கையில் பொத்தான் தொலைபேசி மட்டும் இருப்பின், இணையத்திலிருந்து சாதாரணத் தொலைபேசிக்கு அழைக்கும் கட்டணச் சேவையை நாடலாம். இத்துறையில் முன்னோடியான ஸ்கைப் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் மூடப்பட்டது. வைபர் முதலிய வேறு சில நிறுவனங்கள் இச்சேவையை வழங்கி வருகின்றன. ஆனால் இதில் சேருமிடத்து வாயில் மீண்டும் குறுக்கிடுவதால், செலவும் மீண்டும் நிமிடக் கணக்காகிவிடும்.

இணைப்பு நலிந்த இடங்களில் குரற்செய்தி கைகொடுக்கும். பேசிப் பதிந்து அனுப்பிவிட்டால், மறுமுனையிலுள்ளவர் வசதியான வேளையிற் கேட்டு மறுமொழி பதிந்து அனுப்பலாம். முன்னாளில் ஒலிநாடா செய்த பணியையே இது செய்கிறது. ஒலிநாடா வாரக்கணக்கிற் செய்ததை இது நொடிக்கணக்கிற் செய்கிறது. எழுத்தறியாத தாய்மாருக்கும், வேலை நேரத்திற் பேச முடியாத பணிப்பெண்களுக்கும் இதனினும் சிறந்த வழி இல்லை எனலாம்.

எனினும் பாலம் எல்லா நாட்டிலும் திறந்திருப்பதில்லை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் அரசின் அனுமதி பெறாத இணையக் குரலழைப்புகள் தடுக்கப்பட்டுள்ளன. வட்ஸ்அப்பில் எழுத்தும் குரற்செய்தியும் செல்லும், அழைப்புச் செல்லாது. போட்டிம் என்னும் செயலி போன்று அனுமதி பெற்றவையே அங்கு அழைப்புக்கு உதவும். சவூதி அரேபியா இத்தகைய தடையை 2017 செப்டம்பரில் நீக்கியது. ஆயினும் எல்லாச் செயலிகளும் அன்றே திறந்துவிடவில்லை. வளைகுடா நாடுகளில் இவ்விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவன. தடையைத் தாண்டுவதற்கு, இருப்பிடத்தை மறைக்கும் ‘வீ.பீ.என்.’ மென்பொருளை நண்பர்கள் பரிந்துரைப்பதுண்டு. ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டம், இணைய முகவரியை மறைத்துக் குற்றம் புரிவோருக்குச் சிறைத்தண்டனையும், ஐந்து இலட்சம் முதல் இருபது இலட்சம் திர்ஹம் வரையிலான தண்டப்பணமும் விதிக்க இடமளிக்கிறது. சில ரூபாய்களை மிச்சப்படுத்தப் போய்ப் பல ஆண்டுச் சம்பளத்தை இழக்கும் வழியை எவரும் தெரிதல் கூடாது.

ஏமாற்றுக்காரரும் இவ்வழியிற் காத்திருக்கின்றனர். அறியாத வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஒரே ஒரு முறை மணியடித்து நின்றுவிடும் அழைப்பு அவற்றுள் ஒன்று. வெளிநாட்டில் உறவினரை உடையவர், அவர்தாம் அழைத்தார் போலும் எனப் பதறித் திருப்பி அழைப்பார். அவ்விலக்கமோ நிமிடத்துக்குப் பெருந்தொகை பறிப்பதாக இருக்கும். மிஸ்கோல் கொடுத்தால் திருப்பி அழைப்பது நம்மவர் வழக்கம் என்பதால், இவ்வலை எளிதில் வீழ்த்துகிறது. மற்றொன்று, தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கக் குறியீட்டைச் சொல்லுமாறு கேட்பது. அதனைச் சொல்லிவிட்டால் வட்ஸ்அப் கணக்கே பிறர் கைக்குப் போய்விடும். பின்னர் அவர் பெயரால் ஊரிலுள்ளோரிடம் பணம் கேட்கப்படும். அக்குறியீட்டைத் தாய்க்கும் சொல்லலாகாது என்பதே விதி.

புறப்படுமுன் வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்கள் சில உள. முதலாவது, ஊர் இலக்கத்தில் வட்ஸ்அப் கணக்கைத் தொடங்கி, வீட்டாருடன் ஒருமுறை பேசிப் பழகுதல். வெளிநாட்டில் வேறு சிம் அட்டை இட்டாலும், பழைய இலக்கத்திலுள்ள கணக்கையே தொடர்ந்து பயன்படுத்தலாம். வீட்டார் புதிய இலக்கத்தைத் தேட வேண்டியதில்லை. இரண்டாவது, வங்கி அனுப்பும் குறியீடுகள் ஊர் இலக்கத்துக்கே வருமாதலின், அவ்வட்டையை எறிந்துவிடாது பேணுதல். இடையிடையே ரீலோட் செய்து அதன் ஆயுளைக் காத்தல். குறுஞ்செய்தியேனும் வருவதற்கு ரோமிங் வசதியைப் புறப்படுமுன்னரே நிறுவனத்திடம் கேட்டுத் திறந்துகொள்ளுதல். மூன்றாவது, பேசும் வேளையைக் குறித்துக்கொள்ளுதல். கட்டார், குவைத், சவூதி அரேபியா ஆகியவற்றின் நேரம் இலங்கை நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் நேரம் ஒன்றரை மணி பிந்தியது. அங்கே இரவு ஒன்பது மணிக்கு வேலை முடித்துப் பேச அமரும் பணிப்பெண்ணுக்காக, கட்டாராயின் ஊரில் இரவு பதினொன்றரை மணிவரை ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்பதைக் குடும்பம் அறிந்திருத்தல் நலம்.

நான்காவது ஆயத்தமே எல்லாவற்றினும் முக்கியமானது. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களுக்குத் தொலைபேசி வெறும் வசதிப்பொருள் அன்று, அது பாதுகாப்பு. தொலைபேசி வைத்திருக்கவும் வீட்டாருடன் பேசவும் அனுமதி உண்டா என்பதை, ஒப்பந்தத்திற் கையெழுத்திடுமுன் முகவரிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும். தொலைபேசி தொலைந்தாலும் பறிக்கப்பட்டாலும் உதவுமாறு, வீட்டு இலக்கம் ஒன்றையேனும் மனப்பாடம் செய்தல் வேண்டும். அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் இலக்கத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தனியே வைத்தலும் வேண்டும். 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்னும் குறும் இலக்கம் உண்டு. குறும் இலக்கங்கள் பொதுவாக உள்நாட்டிலிருந்தே இயங்குவன. ஆகையால் வெளிநாட்டிலிருப்பவரின் குரல் வழக்கமான நாட்களில் வரவில்லையெனில், அதனை அழைக்க வேண்டியவர் ஊரிலுள்ள உறவினரே. வாரத்துக்கு இன்ன நாளில் இன்ன வேளையில் பேசுவது என்று முன்னரே வகுத்திருந்தால்தான், பேசாத நாளின் பொருளை வீட்டார் உணர்வர். ஒழுங்காகப் பேசும் வழக்கம் செலவைக் குறைப்பதோடு, ஆபத்தையும் அறிவிக்கும்.

கூலி மிகுந்த காலத்தில் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் மட்டுமே கடல் கடந்தன. இன்று சரியான வழியைத் தெரிந்தோருக்கு அன்றாடச் செய்தியும் கடக்கிறது: பிள்ளை பல் முளைத்ததும், வயலில் தண்ணீர் பாய்ந்ததும், பசு கன்று ஈன்றதும். பிரிந்து வாழும் தாய்க்கு இவையே வீடு. இவற்றை அவர் கேட்பதற்கு ஆகும் செலவு ஒரு குவளைத் தேநீரின் விலையினும் குறைவாக இருக்கலாம். ஆனால் எவ்வாயிலால் போவது, எவ்வாயிலைத் தவிர்ப்பது என்று அறியாதவருக்கு அதுவே ஒருநாட் சம்பளமாகவும் ஆகலாம். அவ்வறிவை விமானம் ஏறியபின் தேடுவதிற் பயனில்லை. கைத்தொலைபேசியின் நுட்பங்களை நன்கறிந்த இளைஞர் இன்று படுவான்கரையின் ஒவ்வொரு கிராமத்திலும் உளர். பயணப் பெட்டி கட்டும் வீடுகளுக்குச் சென்று, ஒரு மாலைப் பொழுதில் இவற்றைச் சொல்லிக் கொடுப்பாராயின், அது அவ்வீடுகளுக்குச் செய்யும் பேருதவியாகும்.